அக்காவ பத்தி எல்லாரும் கேட்டுட்டே இருக்கிற கேள்விங்க

அக்காவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து எனக்கு போன் வர ஆரம்பிச்சுது, இன்னும் நிக்கல. கடைல ஜெராக்ஸ் மிஷின் ஓடிட்டு இருக்கும்போதே ஒரு காதுல போன வச்சுக்கிட்டு பேசிட்டு இருக்கேன். ஏற்காடு மேல இருந்து கூப்பிடுறாங்க, வாழப்பாடி, ஓமலூர், அம்மாபேட்டைல இருந்தெல்லாம் கூப்பிடுறாங்க. அக்கா போன எடுக்க ஆளில்ல, "நான் எடுக்கலன்னா இவருக்கு போடுங்க"ன்னு எப்பவோ எல்லார்கிட்டயும் என் நம்பர குடுத்து வச்சிருக்காங்க, அதனால எல்லாம் இங்க வருது. கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் ஒரு ராத்திரி உக்காந்து எழுதிட்டேன். பேர் போட வேண்டாம்னு வீட்டுல கேட்டுக்கிட்டாங்க, அதனால இதுல முழுக்க அக்காதான். தெரிஞ்சவங்களுக்கு அது போதும்.

எந்த அக்கா? எனக்கு சரியா ஞாபகம் வரல

சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் ஸ்கூட்டில பின்னாடி மண்வெட்டி கட்டிக்கிட்டு போவாங்களே, கழுத்துல எப்பவும் பைனாகுலர் தொங்குமே, அவங்கதான். மனநல ஆலோசகர். வாரத்துல நாலு நாள் கிளினிக், மிச்ச நாள் ஸ்கூல், மலை, ஏரின்னு சுத்துவாங்க. ஏற்காட்டுல மலை ஊருங்கள்ல அவங்கள டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவாங்க, டீச்சர் இல்லன்னு எத்தன தடவ சொன்னாலும் யாரும் கேட்டதில்ல, அப்புறம் அவங்களே விட்டுட்டாங்க.

என்னாச்சு, எப்படி இறந்தாங்க?

மாரடைப்பு. ராத்திரி தூக்கத்துல வலி வந்துச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இத ஏன் இவ்வளவு தெளிவா எழுதுறேன்னா, ரெண்டு மூணு பேர் என்கிட்ட தயங்கித் தயங்கி வேற மாதிரி கேட்டாங்க, மனசு சம்பந்தப்பட்ட வேலை பாக்கிறவங்கள பத்தி ஊர்ல அப்படி ஒரு பேச்சு சீக்கிரம் கிளம்பிருது. அப்படி எதுவும் இல்லீங்க. முந்தின நாள் சாயங்காலம் கூட கன்னங்குறிச்சி பக்கம் செடிக்கு தண்ணி ஊத்திட்டு என் கடை வாசல்ல நின்னு தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு போனாங்க, காரச் சட்னி பத்தலன்னு சொன்னாங்க.

அவங்க டாக்டரா? மாத்திரை எழுதித் தருவாங்களா?

இந்தக் கேள்வி அவங்க இருக்கும்போதே தினம் பத்து தடவ வரும். மனநல மருத்துவர்ன்னா எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல சைக்கியாட்ரி படிச்சவங்க, மாத்திரை எழுதுறது அவங்கதான். அக்கா படிச்சது சைக்காலஜி. பேசுறது, கேக்கிறது, டெஸ்ட் வச்சு பாக்கிறது, பழக்கத்த மாத்த சொல்லிக்குடுக்கிறது, இதான் அவங்க வேலை. மாத்திரை தேவைன்னு தோணுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்க மாட்டாங்க, லெட்டர் எழுதி சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க, தனியா போக பயப்படுறவங்களுக்கு துணைக்கு கூடவும் போவாங்க.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ன்னு போர்டு மாட்டணும்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்சிஐல, பதிவு பண்ணியிருக்கணும், அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். போற எடத்துல அந்த நம்பர கேக்கிறதுல தப்பே இல்ல. அக்கா அவங்க நம்பர ரூம் கதவுலயே ஒட்டி வச்சிருந்தாங்க, கேக்க கூச்சப்படுறவங்களுக்காகன்னு.

இந்த வேலைக்கு ஏன் வந்தாங்கன்னு தெரியுமா?

ஒரே ஒரு தடவதான் சொல்லியிருக்காங்க, ஏற்காடு பஸ்ல இறங்கி வரும்போது. 2001 ஆகஸ்ட் 6ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில மனநலக் காப்பகம்னு சொல்லி நடத்திட்டு இருந்த ஒரு கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்துப் போனாங்க இல்லையா, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம. அப்ப அக்கா காலேஜ் படிச்சுட்டு இருந்தாங்களாம். பேப்பர்ல அந்த போட்டோவ பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலயாம். "அந்த 28 பேரையும் அங்க கொண்டு போயி விட்டது அவங்க வீட்டு ஆளுங்கதான், பாசம் இல்லாம இல்ல, வேற எங்க போறதுன்னு யாரும் சொல்லித் தரல"ன்னாங்க. அதுக்கப்புறம் வெளிய பாத்துட்டே வந்தாங்க, நானும் பேசல.

உங்களுக்கு எப்படி பழக்கம்?

ஃபாரம் ஜெராக்ஸ் எடுக்க வருவாங்க, அவ்வளவுதான் முதல்ல. எங்களுக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து ஒரு மாசம் இருக்கும், வீட்டுல என் மனைவி யார்கிட்டயும் பேசறத நிறுத்திட்டா. பிள்ளை அழுதா பாப்பா, எடுக்க மாட்டா. தூங்க மாட்டா. எங்க வீட்டுல பெரியவங்க சோம்பேறித்தனம்னாங்க, கண்ணு பட்டிருச்சுன்னாங்க, ஒரு ஆஸ்பத்திரில காட்டுனோம், பிள்ளை பெத்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் போங்கன்னு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அன்னிக்கு கடைல நான் தப்புத் தப்பா காப்பி எடுத்துட்டு இருந்தேன், ஒரே பக்கம் நாலு தடவ வருது, அக்கா அத எடுத்து அடுக்கி வச்சுட்டு "என்ன தம்பி, வீட்டுல யாருக்கு முடியல?"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள கேட்டுட்டாங்க.

அடுத்த செவ்வாக்கிழமை ரெண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தாங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு முருங்கை மரம், அதுல இருந்து சுவர் வரைக்கும் துணி காயப் போடுற கொடி. அந்தக் கொடில ஒரு தேன்சிட்டு கூடு கட்டிட்டு இருந்துச்சு, சிலந்தி வலையும் காஞ்ச குப்பையும் வச்சு ஒரு பழைய சாக்ஸ் தொங்குற மாதிரி இருக்கும். என் மனைவிகிட்ட "நான் இங்க உக்காந்துக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டு பக்கத்துல உக்காந்து அந்தக் கூட்ட பாத்துட்டு இருந்தாங்க. முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை இல்ல. போகும்போது "அடுத்த செவ்வாக்கிழம வர்றேன்"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு உள்ளுக்குள்ள கோவம்தான், என்னடா இது ஒண்ணுமே கேக்காம போறாங்கன்னு.

அடுத்த செவ்வாக்கிழமை அதே ரெண்டரை மணி. அதே மாதிரி உக்காந்தாங்க. அதுக்கு அடுத்ததும் அதே. நாலாவது வாரம் அவங்க கேட்ட திறந்து உள்ள வரும்போதே என் மனைவி கதவுக்கிட்ட வந்து நின்னு "அக்கா, முட்ட பொரிஞ்சிருச்சு"ன்னா. ஒரு மாசத்துக்கப்புறம் அவளா வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அது. நான் அடுப்படில நின்னு அழுதுட்டேன். அன்னிக்குத்தான் அக்கா பேச ஆரம்பிச்சாங்க, அதே வாரம் மனநல மருத்துவர்கிட்டயும் கூட்டிட்டுப் போனாங்க, மாத்திரை போட்டா, எட்டு மாசம் ஆச்சு முழுசா சரியாக. இப்ப அந்தப் பிள்ளை மூணாவது படிக்கிறான்.

வாசிக்கிறவங்களுக்காக இதயும் சேர்த்துச் சொல்றேன். பிள்ளை பெத்த முதல் ரெண்டு வாரம் அழுகை, எரிச்சல் எல்லாம் நிறைய பேருக்கு வந்து தானா போயிரும். ரெண்டு வாரத்த தாண்டியும் போகலன்னா, இல்ல தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைப்பு வந்தா, ஒரு நாளும் காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. அத சோம்பேறித்தனம்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் அவங்க பேச்ச கேக்காதீங்க.

மரத்தடில உக்காந்தா மனசு சரியாயிருமா? அக்கா அப்படித்தான் சொல்வாங்களாமே

சொல்ல மாட்டாங்க. இத தப்பா புரிஞ்சுக்கிட்டு நிறைய பேர் பேசுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

அவங்க எப்பவும் சொல்ற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர், அமெரிக்கால பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் பண்ணுன 46 பேரோட ரெக்கார்ட எடுத்து பாத்தாரு. 23 பேருக்கு ஜன்னல் வழியா மரம் தெரியும், 23 பேருக்கு செங்கல் சுவர்தான் தெரியும். மரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியாத்தான் தேவைப்பட்டிருக்கு. இது வந்தது 1984ல. அப்புறம் 2019ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட விசாரிச்சு, வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான எடத்துல இருக்கிறவங்க நாங்க நல்லா இருக்கோம்னு சொல்றது அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அக்கா இதச் சொன்ன கையோட அடுத்ததும் சொல்லிருவாங்க, "நல்லா இருக்கிறவங்கதான் வெளிய போறாங்களோ என்னமோ, அதயும் யோசிக்கணும்"னு. மரம் உதவி பண்ணும், மருந்துக்கு பதிலா வராது, இதுல அவங்க ரொம்ப கண்டிப்பு. மாத்திரைய நிறுத்திட்டு மலைக்கு வர்றேன்னு சொன்ன ஒருத்தர பஸ் ஸ்டாண்ட்லயே நிறுத்தி அரை மணி நேரம் பேசி வீட்டுக்கு அனுப்புனது எனக்குத் தெரியும்.

ஆனா நிலத்தையும் மனசையும் சேர்த்துப் பாக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லன்னும் சொல்வாங்க. ஸ்கூல்ல படிச்சோமே அஞ்சு திணை, குறிஞ்சின்னா மலையும் சேர்றதும், முல்லைன்னா காடும் காத்திருக்கிறதும், மருதம்னா வயலும் ஊடலும், நெய்தல்னா கடலும் ஏக்கமும், பாலைன்னா பிரிவு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துட்டோம். அக்கா அத அப்படியே எடுத்து வச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம காலைல எங்கள எல்லாம் கூட்டிட்டு நடை போவாங்க, அப்ப "இன்னிக்கு எந்தத் திணைல இருக்கீங்க?"ன்னு கேப்பாங்க. மனசு எப்படி இருக்குன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டோம், நல்லாருக்கேன்னு முடிச்சிருவோம், திணை கேட்டா சொல்லிருவோம், என்னமோ அது ஈசியா வருது.

செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறைல பத்த வச்சு ஒட்டுற வேலை பாத்த ஒரு பையன், இருபது வயசு இருக்கும், அண்ணன் பைக் ஆக்சிடெண்ட்ல போனதுல இருந்து ஆளே சுருண்டு கெடந்தான். அவன் "பாலைக்கா"ன்னான். அக்கா உடனே ஒண்ணும் சொல்லல. கொஞ்ச தூரம் நடந்து, அப்ப மார்ச் மாசம், அடிவாரத்துல எல்லாம் காஞ்சு போயி பழுப்பா கெடக்கும், அதக் காட்டி "பாலைக்குன்னு தனியா நிலம் கிடையாதுப்பா, மலையும் காடும் வெயில்ல காஞ்சு போச்சுன்னா அதான் பாலை, இது என்ன எடம்னு பாரு, மலைதான"ன்னாங்க. அவன் நின்னு பாத்தான். ஐப்பசி மாசம் அதே எடத்துக்கு அவனா எங்கள கூட்டிட்டுப் போனான், பச்சப் பசேல்னு இருந்துச்சு.

ஏற்காட்டுல என்னதான் பண்ணுவாங்க, சும்மா சுத்துவாங்களா?

சுத்தவும் செய்வாங்க. மார்ச் ஏப்ரல்ல மழை ஒண்ணு விழுந்து ஒரு வாரம் பத்து நாள்ல காப்பி பூக்கும், எஸ்டேட் முழுக்க வெள்ளையா மல்லிகைப்பூ வாசம், ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், அதுக்கு லீவு போட்டுட்டு போறவங்க அவங்க. இந்த மலைல காப்பி வந்ததே 1820கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வச்சது. சில்வர் ஓக் மரம், அதுல ஏறுற மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி, இதுக்கு நடுவுல சீகாரப் பூங்குருவி விசில் அடிக்கிறத கேட்டுட்டா அந்த நாள் முழுக்க அத பத்தியே பேசுவாங்க, யாரோ ஒரு பையன் சோம்பேறித்தனமா பாட்டு பாடிட்டுப் போற மாதிரி இருக்கும் அது. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஸ்கூல் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயி, பூவே இல்லாத ஆர்க்கிட் செடிய அரை மணி நேரம் பாக்க வைப்பாங்க.

வேலைன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு, மலை ஊருங்கள்ல மாசத்துக்கு ரெண்டு நாள் போயி உக்காருவாங்க. அங்க இருக்கிற மலையாளி மக்கள், மலையில இருக்கிறவங்கன்னு அர்த்தம், கேரளாக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அவங்க சேலம் இறங்கி வந்து ஒரு டாக்டர பாக்கணும்னா ஒரு நாள் கூலி போயிரும், பஸ் காசு தனி. மாத்திரை வாங்கறது நின்னு போறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான், நம்பிக்கை இல்லாம ஒண்ணும் இல்ல. அக்கா போனா யார் யாருக்கு மாத்திரை தீரப்போகுதுன்னு நோட்டுல எழுதிட்டு வருவாங்க, அடுத்த தடவ போறப்போ மறக்காம கேப்பாங்க. ரெண்டாவது, ரோட்டோரம் பாட்டில் பொறுக்குறது. அடிவாரத்துல இருந்து மேல போற வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொரு வளைவுலயும் தின்னுட்டு வீசுன கவரு. தமிழ்நாட்டுல ஒரு தடவ போட்டு தூக்கிப் போடுற பிளாஸ்டிக்க 2019 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணியாச்சு, ஆனாலும் கெடக்குது. குரங்குக்கு தீனி போடுறவங்கள பாத்தா மட்டும் அக்காவுக்கு கோவம் வரும், வண்டிய நிறுத்தி இறங்கிப் போயி பேசுவாங்க. தீனிக்காக ரோட்டுல வந்து உக்காந்து உக்காந்து வண்டில அடிபடுது, குட்டிய தூக்கிக்கிட்டு திரியிற தாய்க் குரங்கெல்லாம் சாகுது. தயவுசெஞ்சு போடாதீங்க.

மூக்கனேரிய அவங்கதான் சுத்தம் பண்ணாங்களா?

இல்லீங்க. அக்கா இருந்தா இதத்தான் முதல்ல திருத்துவாங்க. அது 2010ல சேலம் மக்கள் குழு ஆரம்பிச்சு ஊர்க்காரங்க நிறைய பேர் சேர்ந்து பண்ணுனது, தூர்வாரி, அந்த மண்ணயே ஏரிக்குள்ள திட்டு திட்டா போட்டு மரம் வச்சாங்க, இப்ப பறவைங்க அங்கதான் அடையுது. அக்கா அதுக்குப் பின்னாடி வந்து போனவங்கள்ல ஒருத்தங்க, கரைல உக்காந்து பறவை எண்ணுவாங்க.

சாமியாடி, மந்திரிக்கிறது, கோயில்ல தங்க வைக்கிறது, இதெல்லாம் வேண்டாம்னு சொல்வாங்களா?

கோயிலுக்குப் போகாதீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. "போயிட்டு வாங்க, மாத்திரையையும் கைல எடுத்துட்டுப் போங்க"ன்னுதான் சொல்வாங்க. குணசீலம் கோயிலுக்குப் போயி தங்குற குடும்பத்துக்கு எத்தன நாளுக்கு மாத்திரை வேணும்னு எண்ணிக் குடுத்து அனுப்புவாங்க. ஆனா கட்டிப் போடுறது, அடிக்கிறது, சூடு வைக்கிறதுன்னு காதுல விழுந்தா நேரா கிளம்பிருவாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல சங்கிலி போடுறத சுத்தமா தடை பண்ணியிருக்கு, அந்தப் பக்கத்த என் கடைலதான் நூறு காப்பி எடுத்து வச்சிருந்தாங்க.

நாங்க அவங்ககிட்ட பேசுனதெல்லாம் நோட்டுல எழுதுவாங்களே, அது இப்ப யார்கிட்ட இருக்கு? பயமா இருக்கு

பயப்படாதீங்க, இது நியாயமான கேள்வி, இதுக்காகவே இத சீக்கிரம் எழுதணும்னு நினைச்சேன். நோட்டு எல்லாம் பீரோல பூட்டியிருக்கு. நானும் பாக்கல, வீட்டுலயும் யாரும் பிரிக்கல. அவங்க கூட வேலை பாத்த இன்னொரு ஆலோசகர்கிட்ட அப்படியே ஒப்படைக்கிறோம், அவங்களுக்கும் அதே ரகசியக் கடமை இருக்கு. அந்த 2017 சட்டத்துலயே உங்க சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்னு உங்களுக்கு உரிமை இருக்கு, உங்க ரெக்கார்ட நீங்க கேட்டுப் பாக்கவும் உரிமை இருக்கு. புருசன் கேட்டாலும், மாமியார் கேட்டாலும், அதிகாரி யாராவது கேட்டாலும் நாங்களா எடுத்துக் குடுக்க மாட்டோம். போன வாரம் ஒருத்தர் வந்து தன் மருமகள பத்தி என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு, காப்பி தண்ணி குடுத்து அனுப்பிட்டேன்.

நான் பாதில நிக்கிறேன், இப்ப யார்கிட்ட போறது?

மாத்திரை சாப்பிடுறவங்க அத மட்டும் நிறுத்திராதீங்க. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட தேதிக்கு போங்க. புதுசா போறவங்களுக்கு, அதே மோகன் குமாரமங்கலம் பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்துல ஊர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிங்களுக்கும் டாக்டர் வர்றாங்க, எந்தக் கெழமைன்னு அங்கயே கேட்டுக்கோங்க.

ராத்திரி நேரத்துல தாங்க முடியலன்னா 14416க்கு போடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு ஆகாது. அரசு மருத்துவ உதவி நம்பர் 104லயும் பேசலாம். செத்துரலாம்னு ஒரு நினைப்பு வந்தா அத வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிரும்னு இன்னும் நிறைய பேர் பயப்படுறாங்க. அந்த 2017 சட்டம், 2018ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுல அப்படி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு இருக்கு. அதனால சொல்லுங்க, யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லுங்க. எனக்கு போன் பண்ணாலும் சரி, எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனா கூட வருவேன், ஆஸ்பத்திரி வரைக்கும்.

அவங்க போயி இத்தன நாள் ஆச்சு, இன்னும் அழுகையா வருது, சொந்தக்காரங்க கூட இல்ல, இது சரிதானா?

எனக்கும் வருது. ரெண்டரை மணி ஆனா வருது, செவ்வாக்கிழமைன்னு இல்ல, எந்த நாளும்.

துக்கம் அஞ்சு கட்டமா வரிசையா வரும்னு சொல்வாங்களே, அது 1969ல எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு டாக்டர் எழுதுனது, சாகப்போறம்னு தெரிஞ்ச நோயாளிங்ககிட்ட பேசி எழுதுனது, பிரிஞ்சு தவிக்கிறவங்கள வச்சு எழுதுனது இல்லன்னு அக்கா சொல்வாங்க. வரிசையெல்லாம் கிடையாது. சில நாள் வரும், சில நாள் வராது, வராத நாள்ல குத்த உணர்ச்சியா இருக்கும். ஆறு மாசம், ஒரு வருசம் தாண்டியும் சாப்பிட முடியாம, வேலைக்குப் போக முடியாம, நாள் பூரா அதே நினைப்பாவே இருந்தாத்தான் போயி பாக்கணும். சொந்தமா இல்லையாங்கிறது இதுல ஒரு கணக்கே இல்ல.

என் பொண்ணு அவங்ககிட்ட பேச வந்துட்டு இருந்தா, ஏழு வயசு, எப்படி சொல்றது?

செத்துட்டாங்கன்னே சொல்லுங்க. தூங்கிட்டாங்க, ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லாதீங்க. அக்காவே ஒரு தடவ சொன்னது, தாத்தா தூங்கிட்டாருன்னு சொன்ன வீட்டுல பிள்ளை ராத்திரி தூங்கவே பயந்துச்சு, அம்மாவயும் தூங்க விடல. உடம்பு வேலை செய்யறத நிறுத்திருச்சு, இனிமே வர மாட்டாங்க, உன் தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. திரும்பத் திரும்ப கேக்கும், திரும்பத் திரும்ப அதயே சொல்லுங்க. ஒரு பாப்பா என்கிட்ட "அக்காவோட பைனாகுலர் இப்ப யாரு பாக்குறா?"ன்னு கேட்டுச்சு. அவங்க தங்கச்சிகிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன், நடை வர்ற பிள்ளைங்க பாக்கலாம்.

அவங்க பேர்ல நூறு மரம் நடலாம்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க, எடம் சொல்லுங்க

மனசுக்கு சந்தோசமா இருக்கு, ஆனா ஒரு கேள்வி கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. அடுத்த வருசம் சித்திரைல யாரு தண்ணி ஊத்துவா? அக்கா இதத்தான் கேப்பாங்க. போட்டோ எடுத்துட்டுப் போன கன்னுங்கள்ல எத்தன ஆடு மேஞ்சு, காஞ்சு போயி, குச்சி மட்டும் நிக்குதுன்னு ஒரு ஞாயித்துக்கெழம எங்கள கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க, எண்ணவே முடியல, பாத்துட்டு எல்லாரும் பேசாம வந்தோம். மூணு வருசம் பாத்துக்கிற மாதிரி இருந்தா அஞ்சு கன்னு போதும், புங்கன், நாவல், பூவரசு, இலுப்பை மாதிரி நம்ம ஊரு மரமா வைங்க. மலை மேல புதுசா நடவே வேண்டாம், அங்க உண்ணிச்செடி புதரா மண்டிக் கெடக்கு, வெள்ளக்காரன் காலத்துல அழகுக்குன்னு கொண்டு வந்தது, அத வேரோட புடுங்குனாலே கீழ அமுங்கிக் கெடக்கிறது தானா வரும். வனத்துறை எடம்னா அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்.

தண்ணி ஊத்த ஆளே இல்லன்னா பனங்கொட்டை போடுங்க, புரட்டாசி ஐப்பசி மழைல, ஏரிக்கரைல. மொளச்சதும் அது மேல வராது, முதல்ல மண்ணுக்குள்ள இறங்கும், கிழங்கு விடும், அப்புறம்தான் ஒத்த இலை வெளிய தலைகாட்டும், மரம்னு சொல்ற அளவுக்கு வர பல வருசம். போட்டோவுக்கு ஒண்ணும் இருக்காது.

பணம் வேண்டாம். சிலை, போர்டு எதுவும் வேண்டாம்னு வீட்டுலயும் சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கெழம நடை இன்னும் நடக்குதா? நான் வரலாமா?

நடக்குது. ஒரு வாரம் கூட நிறுத்தல, காரியம் நடந்த வாரம் கூட ஒன்பது பேர் போனோம். காலைல 6 மணிக்கு. ஏன் ஆறுன்னா, குளிர்காலத்துல வடக்க இருந்து ஆறுமணிக்குருவி வரும், காலைல ஆறு மணி வாக்குலயும் சாயங்காலம் ஆறு மணி வாக்குலயும் சொல்லி வச்ச மாதிரி கூப்பிடும், அதனாலதான் அந்தப் பேரே. கோடை வந்தா அது கிளம்பிரும், ஆனா அக்கா நேரத்த மாத்தவே இல்ல, நாங்களும் மாத்தல.

யாரும் யாரையும் எதுக்கு வந்தீங்கன்னு கேக்க மாட்டோம். பேசணும்னா பேசலாம், இல்லன்னா விட்டுரலாம். வந்தவங்கள போட்டோ எடுக்கக்கூடாது, அது மட்டும் கண்டிப்பு. ஒரு தடவ வந்துட்டு அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னீங்கன்னா வந்துருங்க, வர முடியலன்னா ஒரு போன் போட்டுருங்க, அங்க உங்களுக்காக யாராவது நின்னுட்டு இருப்பாங்க.

கன்னங்குறிச்சி பக்கம் அவங்க கடைசியா வச்ச புங்கங்கன்னு 11 இருக்கு, அதுக்கு நம்மதான் ஊத்தணும். பழைய ஒரு லிட்டர் பாட்டில்ல மூடில ஊசியால ஒரு ஓட்டை போட்டு, தலைகீழா வேர்கிட்ட மண்ணுல சொருகி வச்சா சொட்டு சொட்டா இறங்கும், அக்கா செஞ்சு வச்ச பாட்டில் 14 என் கடை டேபிளுக்கு அடில இருக்கு. அத நான் கொண்டு வந்துருவேன். நீங்க ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்துட்டு வாங்க, குடிக்க தனியா ஒரு பாட்டில். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கோங்க, அங்க நெருஞ்சி முள்ளு ஜாஸ்தி.